பதம் வராத பாணி

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த காலம் முழுக்க வினாயகமூர்த்தி ஒரு வண்டியையும் பிந்தி அனுப்பியவர் அல்ல. நேரம் வந்தால் விசில்தான். அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் குடையும் கையுமாக ஓடி வந்தாலும் சரி, அவருடைய சொந்த மாமனாரே மரக்கறிப் பையோடு ஓடி வந்தாலும் சரி. மாமனார் ஒருதரம் ஓடித்தான் வந்தார். வண்டி போய்விட்டது. அந்தக் கதையை மங்கையற்கரசி இன்றைக்கும் மாதத்தில் ஒருமுறையாவது எடுப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெற்று செட்டிபாளையத்து வீட்டில் சாய்மனைக் கதிரையில் கிடந்த ஒரு பங்குனி மாதத்துப் பகலில், ஒரு வண்டியை எப்படியாவது பிந்த வைத்தே தீருவது என்று சபதம் எடுத்தார். அது காத்தான்குடிப் புடவை வியாபாரி கச்சி முகம்மதுவின் வான். அதில் ஏறிக் கொழும்புக்குப் போகவிருந்தவள் அவருடைய மனைவி மங்கையற்கரசி.

மகள் வதனிக்கு வெள்ளவத்தையில் பிள்ளை பிறக்க இருந்தது. முதல் பிள்ளை. தாய் போகாமல் வேறு யார் போவது? போனால் திரும்பி வர மூன்று மாதம் ஆகும். அவரும் கூடப் போகலாமே என்றால், அது தொண்ணூற்றாறாம் வருசம். ஆள் இல்லாத வீடு வீடாக இருக்காத காலம். இரண்டு கிழமை பூட்டிக் கிடந்தால் கூரை ஓடு கழன்றுவிடும், கதவு காணாமல் போய்விடும். அதற்குத் தப்பினால் வாசலில் மண்மூட்டை அடுக்கி உள்ளே துவக்கோடு யாராவது குந்தியிருப்பார்கள். ஆகவே ஒருவர் போக, மற்றவர் காவல் கிடக்க வேண்டும். மகன் குகனோ கனடாவில். காவலுக்கு மிஞ்சியவர் வினாயகமூர்த்திதான்.

அவருக்குப் பயம். ஷெல்லுக்கல்ல, ஷெல் விழுந்தால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக் குறட்டை விடக்கூடியவர். பயம் வேறு. முன்னொருமுறை மங்கையற்கரசி சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்குப் போய், தமக்கை வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டாள். அந்த நாலு நாளும் அவரை ஒருவரும் ஏசவில்லை. குளித்துவிட்டு ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டார். ஒரு சத்தமும் இல்லை. வேண்டுமென்றே இன்னொரு துவாயையும் போட்டார். அப்போதும் இல்லை. ஆறு மணிக்கு ஊரடங்கு. வாவிப் பக்கமிருந்து இருட்டு ஏறி முற்றத்துக்கு வந்துவிடும். கடைப் பாணைப் பிய்த்து இரண்டு பீங்கானில் வைத்துவிட்டு, மற்றப் பீங்கானுக்கு ஆளில்லை என்பது தட்டுப்பட்டதும் அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். நாலு நாளுக்கே அப்படியென்றால் மூன்று மாதத்துக்கு?

இதை வாய் திறந்து சொல்லலாம்தானே, "புள்ள, நீ போனா எனக்கு ஏலாது" என்று? சொல்ல மாட்டார். அவர் வாயிலிருந்து ஆயுள் முழுக்க வந்ததெல்லாம் நேரமும் வண்டி இலக்கமும்தான்.

வழியை மங்கையற்கரசியே காட்டினாள்.

"பனம்பாணி கையில இல்லாம நான் போறல்ல," என்றாள்.

"கொழும்பில பாணி இல்லையாமா?"

"அது சீனியைக் கருக்கின பாணி. பெத்தவளுக்குக் காயம் குடுக்கிறதெண்டா மிளகும் திப்பிலியும் உள்ளியும் இடிச்சு நல்ல பனம்பாணியிலதான் குழைக்கவேணும். கடைப் பாணியில குழைச்சுக் குடுத்து, மறுகா என்ட புள்ள வயித்தைப் புடிச்சிட்டு இருக்கவோ?"

"ஊரிலயும் பாணி இல்லையே. பாதிப் பனை ஆமிக்காரன்ட பங்கர் கட்டப் போயிட்டுது."

"நம்மட வளவில மூணு பனை நிக்கிதுதானே. சீனித்தம்பிக்கிட்டச் சொல்லிக் கருப்பணி இறக்கி வீட்டிலயே காய்ச்சுவம். பாணி ஆனாப் பயணம்."

பாணி ஆனால் பயணம். பாணி ஆகாவிட்டால்? வினாயகமூர்த்தி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்த இடத்தில் காஸ் சிலிண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாதம்தான் மங்கையற்கரசி அதை அடுப்போடு சேர்த்துக் கச்சி முகம்மதுவிடம் சொல்லிக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தாள். வழியில் உள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, தட்டப்பட்டு, முகரப்பட்டு, திரும்ப வானில் ஏறி, ஒருவழியாக அது வீடு வந்து சேர்ந்தது. வந்த அன்றே அவள் அவரைக் குசினிக்குக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்க. இந்தக் குமிழை இப்பிடித் திருப்பி, நெருப்புக் குச்சியைக் காட்டுங்க."

"நான் என்னத்துக்கு?"

"காட்டுங்க எண்டாக் காட்டுங்க."

காட்டினார். நீல நெருப்புக் குப்பென்று வந்தது. அவர் பின்னால் துள்ளினார்.

"இன்னொருக்கா. கையை நடுங்க விடாதீங்க."

கை நடுங்காமல் வரும்வரை அவள் விடவில்லை. பிறகு அணைத்து, பழைய சீலைத் துண்டொன்றால் சிலிண்டரை மூடி மூலையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் விறகடுப்பில் சமைக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. காஸ் என்றால் இவளுக்குப் பயம், அதுதான் ஆம்பிளையைப் பழக்கியெடுக்கிறாள் என்று வினாயகமூர்த்தி முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவு அவருக்குச் சந்தோசமாகவும் இருந்தது.

இப்போது அதே சிலிண்டர்தான் அவர் கண்ணில் பட்டது.

"மங்கை, பாணியைக் காஸில காய்ச்சுவம். நானே காய்ச்சிறன்."

"நீங்களோ? அடுப்பு மூட்டப் போய் மீசையை மூட்டின ஆள்."

"காஸுக்கு ஊதத் தேவல்ல. விறகில காய்ச்சினாப் பாணி புகை மணக்கும். காஸெண்டாக் கூட்டலாம், குறைக்கலாம். குகன் போனில சொன்னவன்தானே, கனடாவிலயும் மரத்தில தண்ணி இறக்கிக் காஸிலதான் காய்ச்சிறாங்களாம். நாப்பது போத்தல் வத்தினா ஒரு போத்தல் பாணியாம்."

"நாப்பதோ? நம்மட பனைக்கு எட்டுப் போதும்."

"மரத்துக்கு மரம் வித்தியாசம்."

மங்கையற்கரசி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சீலைத் துண்டால் மூடியிருந்த சிலிண்டரையும் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"ம். உங்கட காஸ். உங்கட விருப்பம்."

அவள் இவ்வளவு லேசில் எதற்கும் சம்மதித்ததே இல்லை. வேறு எந்தப் புருசனுக்கும் அந்த இடத்தில் முதுகில் குளிர் ஏறியிருக்கும். வினாயகமூர்த்தி பாணி காய்ச்சத் தாச்சிச் சட்டியைத் தேடப் போய்விட்டார்.

சீனித்தம்பி வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் பனையில் ஏறுவான். அதுவும் ஊருக்கே கேட்கப் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுவான்; மரத்து உச்சியில் சத்தமில்லாமல் அசையும் ஆளை ஆமிக் காம்பில் இருப்பவர்கள் என்னவென்று நினைப்பார்களோ, யாருக்குத் தெரியும். சுண்ணாம்பு தடவிய மண்முட்டிகளோடு இறங்கி வந்து, புளிக்காத இனிப்புப் பதநீரான கருப்பணியைத் தாச்சியில் ஊற்றிவிட்டுப் போவான். வினாயகமூர்த்தி குமிழைத் திருப்புவார். கை நடுங்காது.

மத்தியானம் தாண்டினால் தாச்சி நுரைக்கும். பின்னேரமாகும்போது நிறம் மாறி, மணம் எழும்பி, இன்னும் கொஞ்சம் வற்றினால் பதம் வந்துவிடும் என்ற நிலைமைக்கு வரும். அந்த நேரம் பார்த்து மங்கையற்கரசி கோழி அடைக்க முற்றத்துக்குப் போவாள். வினாயகமூர்த்தி குடிதண்ணீர்க் குடத்தில் ஒரு செம்பு மொண்டு தாச்சியில் ஊற்றுவார். ஒரு செம்பு போதாதென்று தோன்றினால் இன்னொரு செம்பு.

அவள் வந்து அகப்பையால் அள்ளித் தூக்கிப் பார்ப்பாள். நூல் மாதிரி இழுபட வேண்டிய பாணி, சளசளவென்று விழும்.

"என்ன இது, காலமை ஊத்தின மாதிரியே கிடக்கு?"

"கனடாவிலயும் இப்பிடித்தானாம். பொறுமை வேணுமாம்."

"கனடாக்காரனும் தண்ணியையோ காய்ச்சிறான்?"

அவர் அவசரமாகக் குமிழைக் குறைத்தார். "மரத்துத் தண்ணி," என்றார்.

"அதைத்தான் கேட்டன். நக்கிப் பாத்தீங்களோ?"

"சத்தியமா இல்ல."

"சீனி வருத்தக்காரன் நக்கினா என்ன நடக்குமெண்டு தெரியும்தானே. தலையில கையை வைங்க."

தலையில் கை வைத்தார். அந்த ஒரு காரியத்தில் அவர் உண்மையாகவே சுத்தம். ஒரு சொட்டும் நாக்கில் வைக்கவில்லை. ஒரே தாச்சியில் இரண்டு களவு கூடாது என்பது அவருடைய கொள்கை.

இப்படியே போய்க்கொண்டிருக்க, கச்சி முகம்மது ஒருநாள் வானைப் படலையடியில் நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, பயணம் இந்த முறைதானா?"

"பாணி இன்னும் ஆகல்ல, நானா."

"இவ்வளவு நாளாவா? என்ன பாணி அது!"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்," என்றாள் மங்கையற்கரசி.

"அப்ப அடுத்த முறை வந்து ஏத்துறன். அதுக்கு அங்கால பிந்தாதீங்க, புள்ளப்பேறு பாத்துட்டு இருக்காது."

வான் அவள் இல்லாமல் போனது. குசினி யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வினாயகமூர்த்திக்கு விசில் ஊத வேண்டும் போல் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டுமென்றே ஒரு பிரயாணியை ஏறாமல் தடுத்துவிட்டார். அன்று இரண்டு செம்பு கூடுதலாகவே ஊற்றினார்.

ஆனால் அதற்குப் பிறகுதான் எல்லாம் ஒரு மாதிரியாகப் போனது. மங்கையற்கரசி வீட்டில் தங்குவது குறைந்தது. விடிந்தால் பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் வீட்டுக்குப் போய்விடுவாள். மத்தியானம் வந்து சோறு கறி வைப்பாள். அகப்பையால் தாச்சியைக் கிளறி, "ம்" என்பாள். திரும்பவும் வேலியைத் தாண்டிவிடுவாள். கேட்டால், "நீங்கதானே காய்ச்சிறீங்க, நான் இஞ்ச இருந்து என்ன செய்ய?" என்பாள். சீனித்தம்பியின் பாட்டுக்கூட இப்போதெல்லாம் பனையிலிருந்து மட்டும்தான் கேட்டது; அவர் எழும்பும் முன்பே தாச்சி நிரம்பியிருக்க, முதல்நாள் இறக்கிய கருப்பணியை அவன் விடியவே ஊற்றிவிட்டுப் போவதாக நினைத்துக்கொண்டார். கதைக்க அந்த ஆளும் இல்லை.

தாச்சி அவளைக் கட்டிப்போடும் என்று நினைத்தார். கட்டுப்பட்டது அவர்தான். அடுப்பில் நெருப்பிருக்க எழுந்து போக முடியாது. குசினியில் முக்காலியைப் போட்டு, நீல நெருப்பைப் பார்த்துக்கொண்டு பொழுதெல்லாம் குந்தியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம். இந்த வீட்டில் அவள் ஏசுவாள், இருமுவாள், பிள்ளைகளை நினைத்து அழுவாள். சிரிப்பது மட்டும் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வரும்போதெல்லாம் பாணி மணம் மூக்கைத் துளைத்தது. தன் தாச்சிதான் அப்படி மணக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் போனால் வேலிப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவார்.

"மங்கை!"

"என்ன?"

"ஒண்டுமில்ல. நிக்கிறியா எண்டு பாத்தன்."

"நிக்காம எங்க போற? நிக்கிறன்."

கொஞ்ச நேரம் போகும்.

"மங்கை!"

"என்ன மனிசன் நீங்க? நிக்கிறன் எண்டன்தானே!"

அந்த ஏச்சு அவருக்கு இனிக்கும். முக்காலியில் திரும்ப வந்து உட்கார்ந்து, அடுத்த செம்பு ஊற்றும் நேரத்துக்காகக் காத்திருப்பார். தாச்சியில் உள்ளது நிறம் மாறவே இல்லை. முதல் கிழமையில் பின்னேரமானால் கொஞ்சமாவது சிவக்கும். இப்போது அதுவும் இல்லை. தன் கைவேலை திறமாகிவிட்டது என்று பெருமைப்பட்டார்.

ஒருநாள் பின்னேரம் நீல நெருப்புச் சின்னதாகி, மஞ்சளாகி, இருமுவது போல் இரண்டு தரம் துடித்து அணைந்துவிட்டது. வினாயகமூர்த்தி குமிழைத் திருப்பிப் பார்த்தார். சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார். அது வெறும் தகரமாக ஆடியது. காஸ் முடிந்துவிட்டது! இனிப் புதுச் சிலிண்டர் வருவது எப்போது, பாணி ஆவது எப்போது, பயணம் எப்போது? துள்ளிக் குதிக்காமல் தன்னை அடக்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். மங்கையற்கரசி சின்னத்தங்கம் வீட்டிலிருந்து அப்போதுதான் வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மங்கை, ஒரு கவலையான விசயம். காஸ் முடிஞ்சுட்டுது."

"முடிஞ்சுதா? சரி."

"பாணி ஆகல்லையே, புள்ள. நான் என்ன செய்ய, என்னால ஏலுமானதைச் செய்தன். பயணத்தை..."

"பயணம் நாளைக்கு. வான்கார நானாக்குச் சொல்லியனுப்பிட்டன்."

"பாணி இல்லாமலா?"

அவள் வேலியடிக்குப் போய், "இஞ்ச கொண்டாகா," என்றாள். வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் சின்னத்தங்கத்தின் கை நீண்டது. ஒன்றன்பின் ஒன்றாக நாலு போத்தல் வந்தது. மங்கையற்கரசி ஒன்றைத் தூக்கிச் சரித்துக் காட்டினாள். உள்ளே கறுப்பாக, கனமாக, சோம்பலாக நகர்ந்தது பாணி.

"இது எங்கால?"

"நம்மட பனையில இறக்கினது. சின்னத்தங்கத்திட அடுப்பில, பொச்சுமட்டை நெருப்பில காய்ச்சினது. புகை மணக்குதா பாருங்க."

மூக்கடியில் பிடித்தாள். புகை மணக்கவில்லை. இத்தனை நாளும் காற்றில் வந்த அதே மணம்.

"அப்ப நான் காய்ச்சினது?"

"நம்மட கிணத்துத் தண்ணி. மணத்துக்கு ஒரு சிரட்டை கருப்பணி விட்டு, நான்தான் காலமையில ஊத்தி வைக்கிற."

வினாயகமூர்த்தி முற்றத்து மணலில் அப்படியே குந்திவிட்டார்.

"எப்ப இருந்து?"

"வானைத் திருப்பியனுப்ப வச்சீங்களே, அண்டையில இருந்து. பாணி காய்ச்சிற வீட்டில தாச்சியெல்லோ வத்தவேணும்? இஞ்ச குடமெல்லோ வத்துது. நான் தண்ணி அள்ளி அள்ளிக் கை ஓஞ்சு போச்சு. நீங்க குளிக்கிறதும் இல்ல, குடிக்கிறதும் இல்ல. அப்ப தண்ணி எங்க போகுது?"

"சொல்லியிருக்கலாமே, மங்கை. அநியாயமாக் காஸை எரிச்சிட்டன்."

"அந்தக் காஸ் ஆருக்கெண்டு எடுத்த? அடுப்பு மூட்டத் தெரியாத மனிசன், நான் இல்லாத நேரம் தேத்தண்ணியாவது வச்சுக் குடிக்கட்டுமெண்டு உங்களுக்குத்தான் எடுத்தன். நான் வரும்வரைக்கும் காணும். அதைக் கிணத்துத் தண்ணிக்குக் குடுத்து முடிச்சிட்டீங்க."

"அதையாவது சொல்லியிருக்கலாமே!"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்," என்றாள் மங்கையற்கரசி.

போத்தல்களை அவள் துவாயில் சுற்றத் தொடங்கினாள். அவர் மணலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போகாத எண்டு வாய் விட்டுச் சொல்லியிருந்தா நிண்டிருப்பியா?"

"இல்ல. போயிருப்பன்."

"பிறகென்ன?"

"நீங்க அப்பிடிச் சொன்ன எண்டு நினைச்சு நினைச்சுப் போயிருப்பன்."

மறுநாள் காலை வான் வந்தது. கச்சி முகம்மதுவின் மனைவி ஸகியா உள்ளே இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். மங்கையற்கரசி பாணிப் போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். வினாயகமூர்த்தி படலையைப் பிடித்தபடி நின்றார். சொல்ல ஒரு சொல் இருந்தது. பழக்க தோசத்தில் கையைத் தூக்கி மணியைப் பார்த்தார்.

"என்ன, நேரம் சரிதானே? வண்டியை அனுப்புங்க," என்றாள் அவள், யன்னலால் எட்டிப் பார்த்து.

வேறு என்ன செய்ய? வானின் பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். டிப்போவில் தட்டிய அதே தட்டு. வான் புறப்பட்டு, சோதனைச் சாவடியில் கொஞ்சம் நின்று, வளைவில் மறைந்தது. ஒரு நிமிசமும் பிந்தவில்லை.

வீட்டுக்குள் வந்தார். குளித்தார். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. குசினிக்குப் போய்க் குமிழைத் திருப்பி, குச்சியைக் கிழித்துக் காட்டினார். குச்சி விரல்வரைக்கும் எரிந்து வந்து சுட்டது. கை நடுங்கவே இல்லை, பழக்கம் அப்படி. சிலிண்டரை ஒருதரம் ஆட்டிப் பார்த்து, மங்கையற்கரசி வைத்திருந்த அதே மூலையில் வைத்து, அந்தப் பழைய சீலைத் துண்டால் மூடினார். அதில் அவள் மணம் இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து அழுதார். பார்க்க ஆளில்லை என்பதால் நன்றாகவே அழுதார்.

"அண்ணே! டைம்கீப்பர் அண்ணே!"

வேலிப் பக்கமிருந்து சின்னத்தங்கம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

"என்ன தங்கச்சி?"

"குமிழைத் திருப்பிப் பாத்து முடிஞ்சுதாக்கும்? வாங்க, தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கன். காலமையும் பின்னேரமும் உங்களுக்கு இஞ்சதானாம். அக்கா சொல்லிட்டுத்தான் போனவ."

வேலிப் பொட்டால் குனிந்து அந்தப் பக்கம் போனார். ஒரு கருப்பணி முட்டி போய்வரும் அளவுக்குத்தான் அந்தப் பொட்டு இருந்தது. தோளைக் குறுக்கித்தான் நுழைய வேண்டியிருந்தது. குசினி வாசலில் கதிரை போட்டிருந்தது. தேத்தண்ணி ஆவி பறந்தது. பக்கத்தில், சின்னத்தங்கத்தின் பங்குக்கு விட்டுப்போன அரைப் போத்தல் பாணி வெயிலில் மினுங்கியது. இவ்வளவு நாளும் நாக்கில் ஒரு சொட்டு வைக்காத மனிதர். இன்றைக்கு யார் பார்க்கப் போகிறார்கள்? கையை மெதுவாக நீட்டினார்.

சின்னத்தங்கம் போத்தலை எடுத்து உள்ளே வைத்தாள். "அதில கை வைப்பார், விடாத எண்டும் சொன்னவ."

வினாயகமூர்த்தி கையை இழுத்துக்கொண்டார். சீனியில்லாத தேத்தண்ணியைத் தூக்கி வாயடிக்குக் கொண்டுபோனார்.

"பொறுங்க அண்ணே, குடிக்காதீங்க. துவாயைக் கட்டிலில போட்டுட்டுத்தானே வந்திருக்கீங்க? போய் எடுத்துக் கொடியில போட்டுட்டு வந்து குடிக்கட்டாம். இதை மட்டும் நல்லா ஏசிச் சொல்லச் சொன்னவ."